டர்போ போயிருச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வச்சிருக்கவனோட குறிப்புகள்

பழைய டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்கேன்னு சொன்னாலே கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான், "டர்போ (எக்ஸாஸ்ட் காத்துல சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளற பார்ட்) போனா எவ்ளோங்க ஆகும்?" வாங்கலாமான்னு யோசிக்கறவங்களும் இதத்தான் கேக்கறாங்க, சொந்தக்காரங்களும் இதத்தான் கேக்கறாங்க, பெட்ரோல் பங்க்ல டேங்க் மூடிய தொறக்கற பையன் கூட ஒருதடவ கேட்டான். அதுக்கு ஒரே எடத்துல பதில் எழுதி வச்சுட்டா இனிமே லிங்க் குடுத்துட்டு போயிரலாம்னுதான் இந்த போஸ்ட்.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், முதல் தலைமுறை. 2004ல இந்தியாவுக்கு வந்துச்சு. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 பிஎச்பி, சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, மூணு உள்ள இழுக்க ரெண்டு வெளிய தள்ள, மொத்தம் இருவது. இன்னிக்கு ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் தெருவுக்கு நாலு நிக்குது, ஆனா அப்ப நம்மூர்ல டர்போன்னா டீசல்னுதான் அர்த்தம். ஃபோக்ஸ்வாகன், ஆடி, சீட் (ஸ்பெயின் கார் கம்பெனி)னு அந்த குரூப் பூரா இதே இன்ஜினத்தான் பல வருஷம் ஓட்டுனாங்க, அதனால பார்ட்ஸ்க்கு பஞ்சமே இல்ல, தகவலுக்கும் பஞ்சமில்ல. இது பெரிய விஷயமுங்க. பழைய வண்டி எடுக்கறப்ப வண்டிய விட அதோட இன்ஜின் வேற எத்தன வண்டில இருந்துச்சுங்கறதத்தான் முதல்ல பாக்கணும்.

சரி, விஷயத்துக்கு வரேன். பிக்கப் இல்ல, மூணாவது கியர்ல மிதிச்சா சும்மா உறுமுதே தவிர போக மாட்டேங்குது, செக் இன்ஜின் லைட் வேற. ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டேன், பேரு வேண்டாம். சாயங்காலமே போன் வந்துருச்சு, டர்போ போயிருச்சு சார், புதுசு போட்டா லட்சத்த தாண்டும், ரீகண்டிஷன் போட்டா பாதில முடிச்சரலாம். டர்போவ கழட்டி பாத்தீங்களான்னு கேட்டேன், இல்ல சார் அனுபவத்துல சொல்றோம்னாங்க. வண்டிய திருப்பி எடுத்துட்டு நான் எப்பவும் போற அண்ணன்கிட்ட போனேன். அவரு பானட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே, "தம்பி, டர்போவ யாரு பாத்தா? போயி ஒரு பிவிசி எண்ட் கேப்பும் ட்யூப்லெஸ் வால்வு ஒண்ணும் வாங்கிட்டு வாங்க"ன்னாரு.

இந்த டெஸ்ட தெரிஞ்சுக்காம யாரும் பழைய டர்போ வண்டி வச்சுக்க கூடாது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். டர்போவுக்கு காத்து போற பைப் இருக்குல்ல, அந்த பைப் வாய்க்கு சரியா பொருந்தற பிவிசி மூடி, பிளம்பிங் கடைல கெடைக்கும். அதுல ஒரு ஓட்ட போட்டு டயர் வால்வ மாட்டிருங்க. உள்ள போற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ சென்சர கழட்டி ஓரமா வச்சுட்டு, பைப்ல இந்த மூடிய சொருகி கிளாம்ப் போட்டு டைட் பண்ணிட்டு, காத்து அடிக்கற பம்ப்ப மாட்டி மெதுவா பத்து பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம், ஏன்னா காத்து ப்ரீதர் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவி வெளிய போற குழாய்) வழியா இன்ஜினோட அடிப்பாகமான கிராங்க் கேஸ்குள்ளயும் போகும், சீல் தள்ளிக்கும். இன்ஜின் ஆஃப்லதான் இருக்கணும், ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் அதது எடத்துல இருக்கணும். அப்புறம் சோப்பு தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திட்டு ஹோஸ் ஹோஸா அடிச்சுட்டே போகணும். பஞ்சரான ட்யூப தண்ணில முக்கி பாக்கற அதே வேலதான். எங்க நொர வருதோ அங்கதான் உங்க லட்ச ரூபா.

என் வண்டில மூணு எடத்துல வந்துச்சு. பம்பர் மூலைல இருக்கற இண்டர்கூலர் (டர்போ அமுக்குன சூட்டு காத்த ஆத்தற ரேடியேட்டர்) வாயில ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து போயி ஒரு பக்கமா நொர பொங்குச்சு. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடில ஒரு பிசிவி ஹோஸ் (அந்த ப்ரீதர் ஆவிய திருப்பி இன்ஜினுக்கு கொண்டு போற ரப்பர் குழாய்) இருக்கு, கண்ணுக்கே தெரியாது, கைய விட்டு தடவுனா கருப்பா பிசுபிசுன்னு மாவு மாதிரி கைல வந்துருச்சு, இருவது வருஷ சூடும் ஆயில் ஆவியும் சேந்தா எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும். மூணாவது டைவர்ட்டர் வால்வு, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்த உடனே மிச்ச ப்ரஷர திருப்பி விடற வால்வு. அத தனியா கழட்டி பாக்கலாம், ரொம்ப ஈசி. உள்ள இருக்கற பிஸ்டன வெரலால மேல தள்ளுங்க, தள்ளுன நெலைலயே மேல இருக்கற சின்ன நிப்பிள கட்ட வெரலால அடைச்சுக்கங்க, இப்ப கீழ இருக்கற வெரல எடுத்தா பிஸ்டன் அப்படியே மேலயே நிக்கணும். என்னுது வெரல எடுத்த உடனே டப்புனு எறங்கிருச்சு, உள்ள டயஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். பூஸ்ட் (டர்போ அமுக்கற காத்தோட ப்ரஷர்) ஏறறப்பல்லாம் அது வழியா காத்து சுத்தி மறுபடியும் டர்போ வாய்க்கே போயிட்டு இருந்துருக்கு, டர்போ பாவம் வெட்டியா சுத்திட்டு கெடந்துருக்கு.

மூணயும் மாத்துன செலவு அந்த வொர்க்‌ஷாப் சொன்ன ரீகண்டிஷன் டர்போ வெலைல பத்துல ஒரு பங்கு கூட வரல.

இதெல்லாம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, இந்த மாதிரி இன்ஜின்ல இசியு (இன்ஜின ஓட்டற கம்ப்யூட்டர்), ஏர்ஃப்ளோ சென்சர் எவ்ளோ காத்து போச்சுன்னு சொல்லுதோ அத வச்சுத்தான் பெட்ரோல் அடிக்கும். சென்சருக்கு அப்புறம் காத்து லீக் ஆனா, மிதிக்கறப்ப அளந்த காத்து வெளிய போயிரும், பெட்ரோல் மட்டும் முழுசா வரும், பின்னாடி கருப்பு புகை, மைலேஜ் அடி. அதே த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் தொறக்கற காத்து கதவு) அந்தப்பக்கம், இன்ஜின் பக்கமா லீக்குன்னா ஐடில்ல தலகீழ் கத, அளக்காத காத்து உள்ள புகுந்துரும், லீன் ஆயிரும், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி, ஐடில் ஏறி எறங்கும். ரெண்டும் ஒரே வண்டில ஒரே நேரத்துல இருந்தா மெக்கானிக் கொழம்பத்தான் செய்வாரு, அவர குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. லேப்டாப்ப போட்டு பாக்காம அனுபவத்துல சொல்றதத்தான் குத்தம் சொல்லணும்.

லேப்டாப் விஷயம். விஏஜி-காம்னு ஒரு சாஃப்ட்வேர், இப்ப விசிடிஎஸ்னு பேரு மாத்திட்டாங்க, அதோட கேபிள். ஓரளவுக்கு இங்கிலீஷ் படிக்க தெரிஞ்சா போதும், இத வச்சு நீங்களே பாதி கண்டுபுடிச்சரலாம். நான் பாக்கறது நாலு பிளாக்தான், பிளாக்னா ரீடிங் காட்டற நம்பர் போட்ட பக்கம். 115ல இசியு எவ்ளோ பூஸ்ட் கேக்குது, எவ்ளோ வருது, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா லீக், இல்ல வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் காத்த டர்போவுக்கு போகாம திருப்பி விடற கதவு), இல்ல அத கட்டுப்படுத்தற என்75 வால்வு. அங்க வர்ற நம்பர் அப்சல்யூட் ப்ரஷர், அதாவது நம்மள சுத்தி இருக்கற காத்தோட ப்ரஷரும் சேத்தி, மறந்துட்டு 1500 மில்லிபார்னு பாத்துட்டு ஒன்னரை பார் பூஸ்ட்டுன்னு பீத்திக்காதீங்க, கோயமுத்தூர்ல இன்ஜின் ஆஃப்லயே 960 பக்கம் காட்டும், ஊட்டில 780 பக்கம். 003ல காத்து ஒரு செகண்டுக்கு எத்தன கிராம்னு வரும், அத 0.8ல வகுத்தா தோராயமா பவர், 150 குதிரைக்கு 120 கிராம் வரணும். 020ல ஒவ்வொரு சிலிண்டர்லயும் நாக்கிங்னால (பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிக்கறது) எத்தன டிகிரி ஸ்பார்க் டைமிங் பின்னாடி இழுக்குதுன்னு தெரியும். 032 ஃப்யூயல் ட்ரிம், இசியு கணக்குக்கு மேல எத்தன சதவீதம் பெட்ரோல கூட்டுது கொறைக்குதுங்கறது. அப்ப எனக்கு வந்த ஃபால்ட் கோட் 17705, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல ப்ரஷர் எறங்குதுன்னு அதுவே சொல்லிருச்சு, கோட்ட படிச்சவங்க டர்போங்கற வார்த்தைய மட்டும் படிச்சுட்டு நிறுத்திட்டாங்க போல.

032 பத்தி இன்னொண்ணு, இது இப்ப புதுசா வந்த தலவலி. 2025ல இருந்து பங்க்ல வர்றது இ20, இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்ல ஆக்சிஜன் ஏற்கனவே இருக்கு, அதனால அதே காத்துக்கு அதிக பெட்ரோல் அடிக்கணும், இசியு லாம்டா சென்சர (எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன் அளக்கறது) பாத்து தானா கூட்டிக்கும். அப்ப ட்ரிம் ஆறேழு சதவீதம் பிளஸ்ல நின்னா அது லீக்னால இல்ல, எத்தனால்னால. முன்னாடி மாதிரி அஞ்சு சதவீதம் தாண்டுனாலே ஹோஸ தேடிட்டு திரியறதுல அர்த்தமில்ல. ஐடில்ல மட்டும் ஜாஸ்தியா, ஓட்டத்துல கம்மியாவா இருந்தா அதுதான் லீக். ரெண்டுலயும் ஒரே அளவு ஏறி இருந்தா பெட்ரோல். எத்தனால்ல லிட்டருக்கு சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, ஸோ மைலேஜ் எறங்கும், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பழைய ஃப்யூயல் ஹோஸ் ரப்பர், இன்ஜெக்டர் ஓ ரிங், இதெல்லாம் எத்தனாலுக்கு பொருந்தறதா பாத்து மாத்திருங்க, இன்ஜின் ரூம்ல பெட்ரோல் வாட வந்தா அன்னிக்கே வண்டிய நிறுத்திருங்க. எல்லாத்துலயும் நல்லது ஒண்ணு இருக்குல்ல, எத்தனால்னால ஆக்டேன் (நாக்கிங் ஆகாம தாங்கற அளவு) ஏறிருக்கு, 020ல முன்னாடி வந்த டைமிங் இழுப்பு இப்ப கம்மியாத்தான் வருது.

இப்ப உண்மையிலயே டர்போ போகறது எப்படின்னு சொல்றேன். டர்போ தானா போகாதுங்க, நம்மதான் அனுப்பி வெக்கறோம். உள்ள ஒரு ஷாஃப்ட், ஒரு பக்கம் சைலன்சருக்கு போற சூட்டு காத்து சுத்தற வீல், மறுபக்கம் இன்டேக் காத்த அமுக்கற வீல், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல. அத தாங்கறது பால் பேரிங் இல்ல, மெல்லிசா ஒரு படலம் ஆயில்தான், ஷாஃப்ட் அதுல மெதந்துட்டு இருக்கும். ஆயில் ரெண்டு செகண்ட் வரலன்னாலும் உரசும். அந்த ஆயில் வர்ற பைப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு பக்கத்துலயே போகுது, ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு நாப்பது ஹேர்பின்ன மிதிச்சு ஏறிட்டு மேல போன உடனே சாவிய திருப்பி நிறுத்துனா, பைப்ல நின்ன ஆயில் வெந்து கரியாகி ஒட்டிக்கும். இது வருஷக்கணக்கா நடந்தா பைப் ஓட்ட பேனா ரீஃபில் அளவுக்கு சுருங்கிரும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வந்தா போதும், நிறுத்திட்டு ஐடில்ல அஞ்சு நிமிஷம் விடணும்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

அதனால பழைய 1.8 டர்போ வாங்குனீங்கன்னா, வாஷ் பண்றதுக்கு முன்னாடி சம்ப்ப (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) எறக்குங்க. அடில ஸ்ட்ரெய்னர்னு ஆயில் இழுக்கற சல்லடை இருக்கும். முன்னாடி வச்சிருந்தவரு எப்படி ஆயில் மாத்துனாருன்னு அது சொல்லும், சர்வீஸ் ரெக்கார்ட விட நம்பிக்கையான சாட்சி. என்னதுல பாதி வல அடைஞ்சு கருப்பா, காஞ்ச தார் மாதிரி கட்டி கட்டியா இருந்துச்சு, குச்சியால நோண்டுனா துண்டா பேந்து வந்துச்சு. ஸ்ட்ரெய்னரும் ஃபீட் பைப்பும் புதுசு போட்டோம். ஆயில் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெட்டிக், பாட்டில்ல விடபிள்யூ 502.00னு போட்டிருக்கணும், ஏழெட்டாயிரம் கிலோமீட்டர்ல மாத்திருவேன். புக்ல எவ்ளோ போட்டிருந்தாலும் சரி.

டர்போவ கழட்டி பாக்கறப்ப ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டுனா கொஞ்சூண்டு ஆடும், பயப்படாதீங்க, ஆயில் இல்லாதப்ப அப்படித்தான், வீல் ஹவுசிங்ல உரசாம இருந்தா சரி. ஆனா முன்னும் பின்னும் இழுத்தா கைல ஆட்டம் தெரியவே கூடாது, தெரிஞ்சா முடிஞ்சுது. ஹோஸ்குள்ள லேசா ஆயில் ஈரம் இருக்கறது ப்ரீதர்ல இருந்து வர்றது, அத பாத்து டர்போ லீக்குனு சொன்னாலும் நம்பாதீங்க. சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னுட்டு மிதிக்கறப்ப நீலமா புகை வந்தா அப்ப யோசிக்கலாம்.

மத்த வேலைங்க வேகமா சொல்லிடறேன். டைமிங் பெல்ட்டு, கிலோமீட்டர பாக்காதீங்க வருஷத்த பாருங்க, அறுந்தா இருவது வால்வும் பிஸ்டன்ல போயி முட்டும். அதோட சேத்து வாட்டர் பம்ப்பும், உள்ள வீல் மெட்டல்ல இருக்கறதா பாத்து வாங்கணும். கூலண்ட் டெம்பரேச்சர் சென்சர் சின்ன காசு, அது தப்பா சொன்னா சூட்டு இன்ஜின ஐஸ் கட்டின்னு நெனச்சு பெட்ரோல ஊத்திட்டே இருக்கும். கூலண்ட்ல ரோஸ் கலரு பச்ச கலரு ரெண்டயும் கலந்தறாதீங்க, உள்ள சேறு மாதிரி ஆயிரும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், சிறுவாணி தண்ணி ருசிக்கு பேரு போனதுதான், அதுக்காக ரேடியேட்டருக்கு வேண்டாம். இக்னிஷன் காயில் ஒண்ணு எப்பவும் டிக்கில ஸ்பேர் இருக்கணும், மிஸ்ஸிங் அடிச்சா ரோட்டோரத்துலயே ரெண்டு நிமிஷ வேல. டிப்ஸ்டிக் சொருகற பிளாஸ்டிக் குழல் வயசானா கைல தொட்டா ஒடையும், அதுக்கு யாரையும் திட்டாதீங்க.

மாடிஃபிகேஷன். எல்லாரும் கேக்கறது ரீமேப். இசியு ப்ரோகிராம மட்டும் மாத்துனாலே இந்த இன்ஜின் 150ல இருந்து 190 பக்கம் போகும்னு டியூனர்ங்க சொல்றாங்க, இந்த இன்ஜின்ல அது நம்பற கணக்குதான், ஐரோப்பால இதே இன்ஜின கம்பெனியே 180க்கும், பெரிய டர்போ போட்டு 225க்கும் வித்துருக்காங்க. ஆனா எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு, ஸ்டாக்லயே (கம்பெனி குடுத்த ப்ரோகிராம்லயே) 115லயும் 003லயும் சரியா நம்பர் வராத வண்டிக்கு ரீமேப் போடவே கூடாது. லீக்க வச்சுட்டு பூஸ்ட்ட ஏத்தி கேட்டா டர்போ இன்னும் வேகமா சுத்தி அத ஈடு கட்ட பாக்கும், அப்பத்தான் உண்மையிலயே டர்போ போகும். முதல்ல ஹோஸ், அப்புறம் பிளக் கேப்ப 0.7 மில்லிமீட்டருக்கு கொறைக்கறது, அப்புறம் க்ளட்ச் தாங்குமான்னு பாக்கறது, பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ், இத்தனையும் முடிஞ்சு காசு மிச்சம் இருந்தா ரீமேப். என்கிட்ட மிச்சம் இல்ல, அதனால இன்னும் ஸ்டாக் மேப்தான். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 கடைசில இருந்து சில பங்க்ல கெடைக்குது, ஆனா ஸ்டாக் மேப்புக்கு அது வீண் செலவு, ரீமேப் பண்ணவங்களுக்குத்தான்.

அப்புறம் அந்த "புஸ்ஸ்ஸு" சத்தம். டைவர்ட்டருக்கு பதிலா மிச்ச ப்ரஷர வெளிய விடற ப்ளோ ஆஃப் வால்வ போட்டா சத்தம் சூப்பரா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா மேல சொன்னேன்ல, அளந்த காத்து, அது ஒவ்வொரு கியருக்கும் வெளிய போகும், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கருப்பு தும்மல். இந்த வண்டிக்கு காத்து திரும்ப உள்ளயே போற டைவர்ட்டர்தான் சரி. சத்தம் வேணும்னா செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ரேஸ் நடக்கறப்ப போயி கேட்டுக்கலாம்.

சட்டத்தயும் சொல்லிடறேன். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்த கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிருச்சு. ஹோஸ சிலிக்கான்ல போடறதுக்கெல்லாம் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, எக்ஸாஸ்ட் சத்தம்தான் மாட்டி விடும். பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ ஆர்சி புதுப்பிக்கணும், 2022ல ஃபீஸ் ஐயாயிரம் ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல இருவது வருஷம் தாண்டுன காருக்கு பத்தாயிரம் ஆக்கிட்டாங்க. என் வண்டி அந்த கோட்ட தாண்டியாச்சு. எஃப்சிக்கு போறப்ப ஒரிஜினல் சைலன்சரோட, செக் இன்ஜின் லைட் இல்லாம, ஹெட்லைட் ரெண்டும் ஒரே மாதிரி எரிய போனா பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும்.

பார்ட்ஸ் எங்க வாங்கறீங்கன்னு கேப்பீங்க. சென்சர், பெல்ட்டு, பம்ப் எல்லாம் புதுசுதான், ஓஇ சப்ளையர் (கார் கம்பெனிக்கே பார்ட்ஸ் குடுக்கறவங்க) பிராண்டு, ஆன்லைன்ல. பானட் கம்பி, ப்ராக்கெட், கிளிப், டோர் ட்ரிம் மாதிரி ஐட்டம் உக்கடம் பழைய சாமான் கடைங்க, அங்க இல்லன்னா சென்னை புதுப்பேட்டை. டர்போ மட்டும் பழசு வாங்கவே வாங்காதீங்க, அதோட பேரிங் என்ன நெலைல இருக்குன்னு விக்கறவருக்கே தெரியாது. எங்கயும் கெடைக்கலன்னா கணபதி பக்கம் லேத் பட்டறை, சாம்பிள் குடுத்தா செஞ்சு குடுத்துருவாங்க, கோயமுத்தூர்ல பழைய வண்டி வச்சுக்கறதுல இருக்கற ஒரே சொகுசு அதுதான். பிவிசி மூடி ரெண்டு தடவ நழுவி கைல அடிச்சதுக்கப்புறம் அந்த பூஸ்ட் டெஸ்ட் மூடியயே அலுமினியத்துல கடைஞ்சு வாங்கிட்டேன், அண்ணன் இப்ப மத்தவங்க வண்டிக்கும் அத கடன் வாங்கிட்டு போறாரு.

இப்ப கைல இருக்கற வேல இண்டர்கூலர். பம்பர் மூலைல இருக்கற சின்னது அவிநாசி ரோட்டு டிராஃபிக்ல அரமணி நேரம் நின்னா சூடாயிருது, அப்புறம் மிதிச்சா 020ல ஆறு டிகிரி வரைக்கும் டைமிங் இழுக்குது. முன்னாடி நடுவுல பெருசா ஒண்ணு வெக்கலாம்னா பம்பருக்கு உள்ள இருக்கற கிராஷ் பார்ல கை வெக்கணும், அது எனக்கு இஷ்டமில்ல. அதே எடத்துலயே கொஞ்சம் தடிமனா ஒண்ணு பொருத்தி, வீல் ஆர்ச் லைனர்ல (டயருக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் மறைப்பு) சூட்டு காத்து வெளிய போக வழி விட்டு பாக்கலாம்னு இருக்கோம், ப்ராக்கெட்டுக்கு அளவு எடுத்து லேத்துக்கு குடுத்தாச்சு. போட்டதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு ரீடிங்கும் அடுத்த போஸ்ட்ல போடறேன். யாராவது இதே எடத்துல இதே வேல பண்ணிருந்தீங்கன்னா லைனர்ல எங்க வெட்டுனீங்கன்னு போட்டோவோட சொல்லுங்க, ஒருதடவ வெட்டிட்டா திருப்பி ஒட்ட முடியாது.